எட்டுக் கிலோவும் நான் கேட்காமல் விட்ட கேள்வியும்

(மாதர் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆண்கள் வெளியில் நிற்க வேண்டாம், உள்ளே இடமிருக்கிறது. இது பொம்பளைங்க விஷயம் என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறீர்கள் போல. உங்களைப் பற்றியும் பேசப்போகிறேன்.

ஒக்டோபர் 10 உலக மனநல தினம். 1992 ஆம் ஆண்டிலிருந்து அனுஷ்டிக்கிறார்கள். நகரத்தில் பதாகை கட்டிக் கூட்டம் வைப்பார்கள். நமக்கு அந்த நாள் மழையோடும் கொழுந்தோடும் போய்விடும். அதனால்தான் இந்தக் கூட்டத்தில் சந்தாக் கணக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் தரும்படி தலைவியிடம் கேட்டேன். நான் டொக்டர் இல்லை. காலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன், மாலையில் சங்க வேலை செய்கிறவன். இந்த விஷயத்தில் நான் புத்தகத்தில் படித்ததைவிட, நான் விட்ட ஒரு பிழையில் கற்றதுதான் அதிகம். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு அக்கா. எந்தத் தோட்டம், எந்த லயம் என்று சொல்லக் கூடாது என்ற நிபந்தனையில்தான் இதைப் பேச அனுமதி தந்தார். கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி. மற்றவர்கள் இருபது கிலோவுக்குத் திணறுகிற நாளில் இருபத்தைந்தோடு மடுவத்துக்கு வருவார். ஒரு வருடம் மே மாதத்துக்குப் பிறகு அது குறையத் தொடங்கியது. பதினைந்து, பன்னிரண்டு, ஒருநாள் எட்டு. அரைப் பேர் போட்டார்கள். நிறுக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் கங்காணி சத்தம் போட்டார். அக்கா என்னிடம் முறைப்பாட்டோடு வந்தார்.

நான் விடவில்லை. அந்த மலையில் கொழுந்தே இல்லை, பக்கத்து நிரைக்காரரும் பத்துக்கு மேல் எடுக்கவில்லை என்று கணக்கோடு ஆபிசில் போய் நின்றேன். மூன்று நாள் அரைப் பேர் முழுப் பேராக மாறியது. அன்றைக்கு எனக்குப் பெரிய பெருமை. அக்கா நன்றி சொல்லிவிட்டு, இஸ்தோப்பில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "தம்பி, எனக்கு ராத்திரியில தூக்கமே வர்றதில்ல" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தைரியமா இருங்கக்கா, எல்லாம் சரியாயிரும்." அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இருபத்தைந்து கிலோ எடுத்த கை ஏன் எட்டுக் கிலோவோடு வருகிறது என்று நான் கேட்கவே இல்லை.

ஆறு வாரம் கழித்து, வேலை நேரத்தில், பிள்ளை மடுவத்து ஆயா அவரை மலையோரம் தனியாக உட்கார்ந்திருக்கக் கண்டார். கூடை காலி. "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஆயா படித்தவர் அல்ல, இந்த மாதிரிக் கூட்டம் எதற்கும் போனவருமல்ல. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டார்: "செத்துப் போகலாம்னு தோணுதா புள்ள?" அக்கா ஆமாம் என்றார். ஆயா அதற்குமேல் புத்தி சொல்லவில்லை, திட்டவில்லை, அழவுமில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, சாயத்தண்ணி கொடுத்து, அன்று இரவு அவர் காம்பராவிலேயே படுத்துக்கொண்டார். காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் செய்யத் தவறியதை ஒரு கேள்வியில் அந்த அம்மா செய்துவிட்டார்.

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மூட்டிவிடுவோமோ என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. மனநல வைத்தியர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறவருக்கு, ஒருவர் நேராகக் கேட்பது மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி.

சரி, அக்காவுக்கு வந்தது என்ன? அதற்கு மனச்சோர்வு என்று பெயர். கவலை வேறு, மனச்சோர்வு வேறு. கவலை எல்லோருக்கும் வரும். சம்பள நாளில் கழிவு போக மிச்சத்தைப் பார்த்தால் வராதா? ஆனால் கவலையில் இருக்கிறவர் பிள்ளை சிரித்தால் சிரிப்பார், திருவிழாவில் தப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பார். மனச்சோர்வில் அந்த எட்டிப் பார்ப்பதே நின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக ஒவ்வொரு நாளும், மனம் கனத்துப் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. தூக்கம் கெடும். அதிகாலை இரண்டு மணி, மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு விடியும்வரை கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் மாறாக எப்போதும் தூங்குவார்கள். சாப்பாடு இறங்காது. சின்ன முடிவுகூட எடுக்க வராது, ரொட்டி சுடுவதா சோறு வைப்பதா என்பதே மலையாகத் தெரியும். எல்லாம் தன்னால்தான் கெட்டுப்போனது என்று ஒரு குற்ற உணர்ச்சி. கைகால் மெதுவாகிவிடும். அக்காவின் எட்டுக் கிலோ அங்கேயிருந்துதான் வந்தது.

நம்முடைய ஆட்கள் இதை மனசு என்று சொல்ல மாட்டார்கள். உடம்பு என்றுதான் சொல்வார்கள். தலைவலி, இடுப்பு வலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் எரியுது. மருந்தகத்துக்குப் போனால் பெனடோல் கிடைக்கும். மறுவாரம் திரும்பவும் போவார், திரும்பவும் பெனடோல். அந்த வலி பொய்யல்ல. மனச்சோர்வு உடம்பிலும் வலிக்கும். இன்னொன்றும் இருக்கிறது. இரத்தசோகை இருந்தாலும், தைரொயிட் குறைந்தாலும் இதே மாதிரிச் சோர்வு வரும். நம் பெண்களிடம் இரத்தசோகை எவ்வளவு என்று கர்ப்பிணி கிளினிக்குக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆகவே இரத்தம் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

இப்போது ஆண்கள். என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன், அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். கவ்வாத்து வெட்டுகிறவர். வேலையிலிருந்து நின்ற பிறகு, சேமலாப நிதிக் காசு கூரைக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் போன பிறகு, மத்தியானத்திலேயே குடிக்கத் தொடங்கினார். யாரோடும் பேச மாட்டார், பேசினால் எரிந்து விழுவார். வீட்டில் நாங்கள் குடிகாரன் என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். குடிக்காத காலையில்கூட அவர் வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியாது. ஆண்களுக்கு இது அழுகையாக வருவதைவிடக் கோபமாக, குடியாக வருவது அதிகம். சாராயமும் கசிப்பும் அன்றிரவு தூங்க வைக்கும், மறுநாள் மனதை இன்னும் கீழே தள்ளும். குடியால் மனச்சோர்வா, மனச்சோர்வால் குடியா என்று நாம் வழக்குத் தீர்க்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஆஸ்பத்திரியில் உதவி இருக்கிறது.

பிள்ளை பெற்ற தாய்மாரிடம் தனியாகக் கவனம் வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாட்கள் காரணமில்லாமல் கண்ணீர் வருவது சாதாரணம். அது இரண்டு வாரத்தைத் தாண்டி, பிள்ளையைத் தூக்கவே மனமில்லை, நான் நல்ல தாயில்லை என்று போனால் அது நோய். இதைக் கண்டுபிடிக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகமெங்கும் பாவனையில் இருக்கிறது. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். குடும்பநல உத்தியோகத்தர் அப்படி ஏதாவது கேட்டால், மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடாதீர்கள். மாமிமாரே, நீங்களும் அந்த ஐந்து நிமிடம் தேத்தண்ணி வைக்க உள்ளே போங்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் பார்ப்பதையும் ஒரு வார்த்தை. அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், பாட்டியோடு இருக்கிற பிள்ளை. முன்பு ஓடியாடியவன் இப்போது மூலையில் சண்டை பிடிக்கிறான், கொப்பி கொண்டு வருவதில்லை. பிள்ளைகளின் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும். பிரம்பை எடுப்பதற்கு முன் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கச் சொல்லி என்னோடு வேலை செய்கிற ஆசிரியர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கேட்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஒரு மூத்த தோழர் என்னிடம் கோபித்துக்கொண்டார். "சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தா இதெல்லாம் தானாப் போயிரும். சங்கக் கூட்டத்துல இதுக்கு என்னா வேலை?" என்றார். அவர் சொல்வதில் பாதி உண்மை. கடன் மனிதரை நோயாக்கும். நுண்கடன் வசூலிக்க ஆள் வருகிற நாளில் பின்பக்கத்தால் மலைக்கு ஏறிப்போன பெண்களை எனக்குத் தெரியும். ஒரு காம்பராவுக்குள் மூன்று தலைமுறை படுத்துறங்கினால் அழுவதற்குக்கூட இடமில்லை. 2021 இல் ஆயிரம் ரூபா வந்த பிறகு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், கூடவே நெஞ்சின் பாரமும் கூடியது. இதற்கெல்லாம் மாத்திரை மருந்தில்லை, போராட்டம்தான் மருந்து. ஆனால் தோழரே, சம்பளம் கூடுகிற வரைக்கும் அந்த அக்கா காத்திருக்க முடியாது. நல்ல சம்பளம் வாங்குகிற துரைமாருக்கும் இந்த நோய் வருகிறது. படுக்கையை விட்டு எழும்ப முடியாதவரை நீங்கள் எந்தப் போராட்டத்துக்குக் கூப்பிடப் போகிறீர்கள்?

அடுத்தது, நாம் வைக்கிற பெயர்கள். வேலைக்கு வராவிட்டால் சோம்பேறி. தனியாகப் பேசினால், அழுதால் கிறுக்கு. கொஞ்சம் கூடினால் செய்வினை. அக்காவுக்கும் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள், கோழி அறுத்தார்கள், கையில் நூல் கட்டினார்கள். கடன் வாங்கிய பதினைந்தாயிரம் போனது. நான் சாமிக்கு எதிரி அல்ல. மாரியம்மன் கோயிலில் விளக்கு வைத்தால் மனதுக்கு ஆறுதல் என்றால் வையுங்கள். காய்ச்சலுக்குத் திருநீறும் பூசுகிறோம், மருந்தும் குடிக்கிறோமே, அது மாதிரி இதற்கும் இரண்டையும் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். பிறகு "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று ஒரு பேச்சு. விளையாட்டாகச் சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் கிளினிக் வாசலை மிதிக்காமல் இருக்கிறார்கள்! அங்கொடையில் இருப்பது இன்று தேசிய மனநல நிறுவகம். மனச்சோர்வுக்காரரில் பெரும்பாலானோர் அங்கே போக வேண்டியதே இல்லை. மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் மனநல கிளினிக் நடக்கிறது. காலையில் போய், டொக்டரைப் பார்த்து, மருந்தெடுத்துக்கொண்டு பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை.

நான் அக்காவோடு போனேன். அவர் கணவரும் வந்தார். அங்கே நான் இரண்டாவது பிழை விட்டேன். டொக்டர் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், அக்கா பாதியைத்தான் சொன்னார். ஒரு ஆம்பளை முன்னால், அதுவும் தம்பி முறைக்காரன் முன்னால், சொல்ல முடியாத விஷயங்கள் அவரிடம் இருந்தன. தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் அதைக் கவனித்து, எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் முழுக்கதையும் வந்தது. ஆகவே பெண்களோடு பெண்கள் போங்கள், சிங்களம் பேசத் தெரிந்த பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. போவதற்கு முன் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதிருந்து தூக்கமில்லை, என்னென்ன மருந்து எடுக்கிறார், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா. அவசரத்தில் மறந்துபோகும்.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இது பெனடோல் மாதிரி அரை மணித்தியாலத்தில் கேட்காது. வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். முதல் நாட்களில் வயிற்றுப் பிரட்டலும் தலைவலியும் வரலாம். நம் ஆட்கள் சரியாக அந்த நேரத்தில்தான் "இது சரிவராது" என்று நிறுத்திவிடுகிறார்கள். அக்காவும் ஒன்பதாம் நாள் நிறுத்தினார். திரும்பக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்துவதென்றால் டொக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மருந்து குடி மாதிரிப் பழக்கமாகிவிடும் என்பது வீண் பயம். எல்லோருக்கும் மருந்தே வேண்டும் என்பதுமில்லை. லேசாக இருந்தால் ஆலோசகரோடு தொடர்ந்து பேசுவதே பலன் தருகிறது. அதை டொக்டர் தீர்மானிக்கட்டும், லயத்து ஜனம் தீர்மானிக்க வேண்டாம்.

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் அதைச் சும்மா மிரட்டல் என்று விடக்கூடாது. தனியாக விடாதீர்கள். வீட்டில் புல்லுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் வைத்திருக்கிற மருந்துப் போத்தலை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிப் பூட்டி வையுங்கள். 1990களின் நடுப்பகுதியில் உலகத்திலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கடும் நஞ்சான பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கிற நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால், பக்கத்தில் ஆள் இருந்தால், உயிர் தப்புகிறது. பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்றிருந்த சட்டம் 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இரண்டு இலக்கங்களைப் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1926, தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். இன்னொன்று 1333. லயத்தில் சுவருக்குக் காது உண்டு என்பது எனக்குத் தெரியும். போனை எடுத்துக்கொண்டு றோட்டுப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள்.

அந்தச் சுவர் மெலிதாக இருப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. எந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்று நமக்குத் தெரியும். யார் மூன்று நாளாகப் பெரட்டுக்கு வரவில்லை என்று தெரியும். தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. "தைரியமா இரு", "உன்னவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா", "புள்ளைங்கள நெனச்சுப் பாரு". இந்த மூன்றையும் சொல்லாதீர்கள். பிள்ளைகளை நினைத்துத்தான் அவர் ஏற்கனவே கூனிக் குறுகிப்போயிருக்கிறார். பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி அனுப்புங்கள்.

கடைசியாகச் சங்கத்தின் பங்கு. வேலைக்குப் போகாத நாளுக்கு நமக்குச் சம்பளமில்லை. கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போகும், பஸ் காசு போகும், நாட்கள் குறைந்ததென்று ஆபிசில் கேள்வியும் வரும். அதனாலேயே இரண்டாம் முறை போகாமல் விடுகிறார்கள். கிளினிக் கொப்பியில் திகதி விழும், அதைக் காட்டி மனநோய்க்குப் போன நாளையும் மற்ற நோய்க்குப் போன நாள் மாதிரியே பார்க்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது தலைவர், தலைவிமாரின் வேலை. என்ன நோய் என்று பெரட்டுக்களத்தில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்குமில்லை. தலைவர்மார் அதை வெளியே சொன்னால் நான் நேரிலேயே சண்டைக்கு வருவேன்.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. நம் தோட்டங்களில் மரணாதாரச் சங்கம் இருக்கிறது. ஒரு சாவு விழுந்தால் பெட்டிக்குக் காசு, பந்தலுக்கு ஆள், தேத்தண்ணிக்குச் சீனி, எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் வந்து நிற்கும். அது நம்முடைய பெருமை. ஆனால் உயிரோடு இருக்கிறவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இருநூறு ரூபா அந்தப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாது, விதியில் இடமில்லை என்கிறார்கள். நம் மாதர் கிளையில் அந்த விதியை நாமே எழுதலாம். மாதச் சந்தாவில் ஒரு சிறு பங்கைக் கிளினிக் பயணத்துக்கென்று ஒதுக்க வேண்டும் என்று இன்றைக்கு ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். யாருக்குக் கொடுத்தோம் என்று கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுதுவதில்லை, தலைவியின் கையெழுத்து மட்டும் போதும்.

அக்கா இப்போது பதினேழு, பதினெட்டுக் கிலோ எடுக்கிறார். பழைய இருபத்தைந்து இன்னும் வரவில்லை. சில நாள் நன்றாக இருக்கிறார், சில நாள் காலையில் எழும்பவே கஷ்டம் என்கிறார். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறார். ஆயாதான் கூடப் போகிறார், என்னைக் கூப்பிடுவதில்லை.

அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. முதல் பஸ் ஐந்தே முக்காலுக்குச் சந்தியில் நிற்கும். நம் தலைவி அதில் போகிறார். யாருக்காவது கூடப் போக வேண்டுமென்றால் காரணம் சொல்லத் தேவையில்லை, முன்கூட்டிப் பெயர் கொடுக்கவும் தேவையில்லை. கிளினிக் கொப்பி இருந்தால் எடுத்துக்கொண்டு, ஒரு குடையோடு சந்திக்கு வந்தால் போதும். மேலதிகமாக இரண்டு பேருக்கு டிக்கட் காசு தலைவி கையில் இருக்கும்.

சரி, இப்போது தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள். அதற்குப் பிறகு சந்தாக் கணக்கைப் பார்ப்போம்.